வெளியே எத்தனை டிகிரி?

நுழையும்முன்

மகிழுந்தின் முகப்பில் ஒளிரும் எண்களுள் ஒன்று வெளி வெப்பநிலை. அதனைப் பலரும் பார்க்கின்றனர். அஃது எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஓர் எண்ணை நம்புவதற்கு முன், அஃது எங்கே அளக்கப்பட்டது, எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அப்பழக்கத்தை வளர்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரே தெரு, மூன்று எண்கள்

ஏப்ரல் மாத நண்பகல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடம், பெங்களூர் சிவாஜிநகரில் ரசல் சந்தையை ஒட்டிய தெரு. பழவண்டிகளும் ஆட்டோக்களும் நகரப் பேருந்துகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அவற்றின் நடுவே விலையுயர்ந்த மகிழுந்து ஒன்று கால்மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதன் டாஷ்போர்டில் வெளி வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் என்று ஒளிர்கிறது. பின்னிருக்கையில் அமர்ந்துள்ள சிறுமி தன் தாயின் கைபேசியை எடுத்துப் பார்க்கிறாள். அது 34 என்கிறது. அன்று மாலைச் செய்தியில், நகரின் உச்ச வெப்பநிலை 35 டிகிரி என அறிவிக்கப்படுகிறது.

மூன்றில் எது மெய்? ‘மகிழுந்துதான் அதே தெருவில் நிற்கிறது, எனவே அது காட்டும் எண்ணே சரி’ என்று சிலர் கூறுவர். ‘அரசு நிலையம் சொல்வதே சரி’ என்பர் வேறு சிலர். உண்மையில் இம்மூன்று எண்களும் ஒரே பொருளை அளந்தவை அல்ல. இதனைப் புரிந்துகொள்ள, முதலில் மகிழுந்தின் எண் பிறக்கும் இடத்திற்குச் செல்வோம்.

எண் பிறக்கும் இடம்

ஓட்டுநருக்கு எதிரே, வேகமும் எரிபொருள் அளவும் காட்டும் பலகையை டாஷ்போர்டு என்கிறோம். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், குளம்புகள் வாரியிறைக்கும் சேறு வண்டியில் இருப்போர்மீது படாமல் தடுத்த பலகைக்கே அப்பெயர் வழங்கியது. இன்று அதே பெயருடைய பலகை ஒளித்திரையாக மாறிவிட்டது. முன்பு விலையுயர்ந்த மகிழுந்துகளின் சிறப்பாகக் கருதப்பட்ட வெளி வெப்பநிலைக் காட்சி, இன்று நடுத்தர விலை வண்டிகள் பலவற்றிலும் இடம்பெற்றுள்ளது.

எண் தோன்றுவது திரையில், அளக்கப்படுவது வேறிடத்தில். வெப்பநிலையை அளக்கும் உணரி, பெரும்பாலான வண்டிகளில் முன்பம்பருக்குப் பின்னால், காற்று நுழையும் வலைப்பின்னலுக்கு அருகில் பொருத்தப்பட்டிருக்கும். சில வண்டிகளில் அது பக்கக் கண்ணாடியின் அடிப்பகுதியில் இருக்கும். உங்கள் சுண்டுவிரல் நுனியைவிடப் பெரிதாக இராத இச்சிறு பொருள்தான் ‘வெளியே எத்தனை டிகிரி?’ என்னும் வினாவிற்கு விடை தருகிறது.

வெப்பம் எண்ணாகும் முறை

இவ்வுணரியின் உள்ளே இருப்பது தெர்மிஸ்டர் என்னும் பொருள். அதன் இயல்பை அறிய மின்தடை என்பதை அறிதல் வேண்டும். பண்டிகை மாலையில் ரசல் சந்தையின் முன்னால் ஓரடி எடுத்து வைப்பதும் கடினம். விடியற்காலையில் அதே தெருவில் எளிதாக நடந்து செல்லலாம். தெரு ஒன்றே, தடைதான் வேறு. மின்சாரம் செல்லும் வழியில் அதற்கு ஏற்படும் இத்தகைய எதிர்ப்பையே மின்தடை என்கிறோம்.

செம்பு முதலிய உலோகங்கள் சூடேறினால் அவற்றின் மின்தடை மிகும். ஆனால் வெள்ளி சல்பைடு என்னும் சேர்மம் சூடேற ஏற மின்சாரத்தை மேலும் எளிதாகக் கடத்துவதை 1833இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அவ்வியல்புடைய பொருள்களால் ஆனதே மகிழுந்துகளில் பயன்படும் தெர்மிஸ்டர். எடுத்துக்காட்டாக, ஒருவகைத் தெர்மிஸ்டரின் மின்தடை 25 டிகிரியில் 10,000 ஓம். அது 0 டிகிரியில் ஏறத்தாழ 33,000 ஓமாக உயர்கிறது. 40 டிகிரியில் ஏறத்தாழ 5,300 ஓமாகக் குறைகிறது. வண்டியின் கணினி உணரியின் வழியே சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தித் தடையை அறிகிறது. பின் தன்னுள் பதிந்துள்ள அட்டவணையோடு அதனை ஒப்பிட்டு வெப்பநிலையைக் கணிக்கிறது.

இவ்வெப்பநிலை டாஷ்போர்டுக்கு மட்டும் உரியதன்று. குளிரூட்டி எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யவும் அது தேவை. உயர்வகை மகிழுந்துகளில் ஓட்டுநரும் பின்னிருக்கையில் இருப்பவரும் தத்தமக்கு வேண்டிய வெப்பநிலையைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம். அதற்காக வெளிக் காற்று, உட்காற்று, வெயில் ஆகியவற்றை வெவ்வேறு உணரிகள் கவனிக்கின்றன. வண்டியிலுள்ள பல கணினிகள் இச்செய்திகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளப் பொதுவான மின்தொடர்பு ஒன்று உள்ளது. ‘கேன்’ எனப்படும் அம்முறையை 1986இல் வெளியிட்டது ஜெர்மனியின் போஷ் நிறுவனம். அந்நிறுவனத்தின் இந்தியத் தலைமையகம் நம் பெங்களூரின் ஆடுகோடியில் உள்ளது.

நெரிசலில் எண் ஏன் மிகுகிறது?

உணரி தன்னைத் தொடும் காற்றை மட்டுமே அறியும். வண்டி நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது புதிய காற்று ஓயாமல் அதன்மீது மோதுகிறது. அப்போது அது காட்டும் எண் வெளிக் காற்றின் வெப்பநிலைக்கு மிக நெருக்கமாக இருக்கும்.

சிவாஜிநகரின் நெரிசலில் நிலைமை வேறு. வண்டி நின்றுவிட்டால் புதிய காற்று வருவதில்லை. இயந்திரமும் ரேடியேட்டரும் வெளிவிடும் வெப்பம் பம்பரைச் சுற்றித் தேங்குகிறது. நண்பகல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை கீழிருந்து அனல் வீசுகிறது. முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும் உடன் சேர்கிறது. இவை அனைத்தையும் உணரி ‘வெளி வெப்பநிலை’ என்றே எடுத்துக்கொள்கிறது. நம் கற்பனைக் காட்சியில் 40 என்னும் எண் வந்தது இவ்வாறுதான். உணரி பொய் சொல்லவில்லை. பம்பருக்குப் பின்னால் உள்ள காற்றின் உண்மையைச் சொன்னது. அதனைத் தெருவின் உண்மை என்று நாம்தாம் தவறாகப் புரிந்துகொண்டோம்.

பொறியாளர்கள் இக்குறையை அறிந்துள்ளனர். எனவே பல வண்டிகளில், எண்ணை உயர்த்துவதில் கணினி தயக்கம் காட்டும்படி அமைத்துள்ளனர். வண்டி குறிப்பிட்ட வேகத்தில் சிறிது நேரம் ஓடிய பின்னரே உயர்ந்த எண் திரைக்கு வரும். வெப்பநிலை குறைந்தாலோ உடனே காட்டிவிடும். ஏனெனில், திடீரென மிகும் வெப்பம் பெரும்பாலும் இயந்திரத்தின் வெப்பமாக இருக்கும். வெப்பநிலை திடீரெனக் குறைந்தால் அது மெய்யான குளிராகவே இருக்கும். இவ்வேற்பாடு பிழையைக் குறைக்கும், முற்றிலும் நீக்கிவிடாது.

பெங்களூரில் கடுங்குளிர்?

சில நேரங்களில் டாஷ்போர்டு வியப்பூட்டும் எண்ணைக் காட்டும். வெயில் சுட்டெரிக்கும் நாளில் −40 டிகிரி என்று ஒளிரும்! சிவாஜிநகரில் வண்டிகளின் உதிரிப்பாகக் கடைகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் நிறைந்த தெருக்கள் உள்ளன. அங்குள்ள தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் இவ்வெண்ணைச் சொன்னால், அவர் முதலில் உணரியின் கம்பியைத்தான் பார்ப்பார்.

காரணம் எளியது. சிறு மோதலுக்குப் பின் பம்பரைக் கழற்றி மாற்றும்போது, உணரியின் கம்பி அறுந்துவிடலாம். அல்லது அதனை மீண்டும் இணைக்க மறந்துவிடலாம். கம்பி அறுந்தால் மின்சாரம் செல்ல வழியே இல்லை. அஃதாவது, தடை அளவின்றி மிகுந்துவிட்டது. குளிர் மிகுந்தால் தடை மிகும் என்பதே கணினி அறிந்த பாடம். ஆகவே ‘வெளியே கடுங்குளிர்’ என்று அது முடிவு செய்து, தன் அட்டவணையின் கடைசி எண்ணைக் காட்டுகிறது. பல வண்டிகளில் அவ்வெண் −40 ஆகும். வேறு சில வண்டிகள் எண்ணுக்குப் பதிலாகச் சிறு கோடுகளைக் காட்டும். செல்சியஸ், ஃபாரன்ஹீட் என்னும் இரு அளவுகளும் ஒரே எண்ணாகச் சந்திக்கும் இடமும் இந்த −40தான்.

வானிலை நிலையம் அளக்கும் முறை

இனி மாலைச் செய்தியில் வந்த எண்ணைக் காண்போம். 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குப் பெங்களூர் அரண்மனைச் சாலையில் நிலையம் உள்ளது. வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெயிலில் தொங்கவிடுவதில்லை. வெண்ணிறம் பூசிய, பக்கங்களில் சாய்ந்த சட்டங்களால் ஆன பெட்டிக்குள் அதனை வைப்பர். வெயில் உள்ளே நுழையாது. காற்று தடையின்றி உலவும். பெட்டியானது திறந்தவெளியில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நிற்கும். இதனை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர். ஆகவே இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர்.

இவ்வளவு விதிகள் எதற்கு? எல்லா ஊர்களிலும் ஒரே முறையில் அளந்தால்தான் ஓர் ஊரை மற்றோர் ஊரோடும், இந்த ஆண்டைக் கடந்த ஆண்டுகளோடும் ஒப்பிட முடியும். பெங்களூர் நகரின் மிகக் குறைந்த வெப்பநிலையாகப் பதிவாகியிருப்பது 1884 சனவரியில் அளக்கப்பட்ட 7.8 டிகிரி. 2016 ஏப்ரலிலோ வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியுடைய இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பேச இயல்வதற்கு, அளக்கும் முறையில் காக்கப்படும் ஒழுங்கே காரணம்.

கைபேசியின் எண் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. நாம் கையில் வைத்திருக்கும் கைபேசி வெளிக் காற்றை அளப்பதில்லை. நிலையங்களும் செயற்கைக்கோள்களும் தந்த செய்திகளைக் கொண்டு எங்கோ ஒரு கணினி கணித்த எண்ணை, இணையத்தின் வழியாக வாங்கிக் காட்டுகிறது. ஆக, ஒன்று பம்பரின் எண். ஒன்று கணிப்பின் எண். ஒன்று நிழற்பெட்டியின் எண்.

பனித்துகள் அடையாளம்

சாலையில் பிழையாகக் கூடிய இவ்வெண்ணை ஏன் மகிழுந்தில் வைத்தனர்? குளிர்நாடுகளில் அஃது உயிர் காக்கும் செய்தி என்பதே விடை. ஐரோப்பிய மகிழுந்துகள் பலவற்றில், வெளி வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரிக்குக் குறைந்தவுடன் மணி ஒலிக்கும். பனித்துகள் வடிவ அடையாளம் ஒளிரும். நீர் உறைவது 0 டிகிரியில் அல்லவா, 3 டிகிரியில் எச்சரிக்கை எதற்கு என நீங்கள் கேட்கலாம். காற்றைவிடச் சாலை குளிர்ந்திருக்கக்கூடும். குறிப்பாகப் பாலங்கள், மேலும் கீழும் காற்றுப் படுவதால், விரைந்து குளிரும். கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பனிக்கட்டி அங்கே படிந்திருந்தால் சக்கரங்கள் வழுக்கிவிடும்.

தமிழ்நாட்டிலும் இவ்வடையாளம் ஒளிரக்கூடிய ஊர் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில், திசம்பர், சனவரி மாத விடியற்காலைகளில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்திருக்கும். அவ்வேளையில் மலைச்சாலையில் இறங்குவோர் அம்மணியோசையைப் பொருட்படுத்துதல் வேண்டும்.

ஊருக்குப் போகும் வழியில்

கோடை விடுமுறையில் உங்களுள் பலர் பெங்களூரிலிருந்து வேலூர், ஆம்பூர் போன்ற ஊர்களுக்கு, தாத்தா பாட்டியைக் காணச் செல்வீர்கள். சொந்த வண்டியிலோ வாடகை மகிழுந்திலோ செல்ல நேர்ந்தால், டாஷ்போர்டில் வெளி வெப்பநிலையைக் கவனித்து வாருங்கள். நெரிசல் நீங்கி ஓசூரைக் கடந்தபின் எண் நம்பத்தக்கதாகிவிடும். கிருஷ்ணகிரியை நோக்கிச் சாலை இறங்க இறங்க அது சிறிது சிறிதாக ஏறும். வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்து வேலூரை அடையும்போது, பெங்களூரில் கண்டதைவிடப் பெரும்பாலும் சில டிகிரி மிகுந்திருக்கும்.

பொழுது ஏறுவதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் உயரமே முதன்மைக் காரணம். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. வேலூரின் உயரம் ஏறத்தாழ 220 மீட்டர். சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரம் குறைந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி மிகும். அவ்வாறாயின் 680 மீட்டர் இறங்கினால் எத்தனை டிகிரி மிகும்? கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 4.4 டிகிரி வரும். நாம் ஒரு மேட்டுநிலத்தில் வாழ்கிறோம் என்பதைப் புவியியல் பாடம் சொல்கிறது. அதே செய்தியை டாஷ்போர்டின் சிறு எண் உங்கள் கண்முன்னே மெய்ப்பித்துக் காட்டும்.

எண் சொல்லாதவை

சரியாக அளந்த எண்ணும் அனைத்தையும் சொல்லிவிடாது. வெப்பத்தைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என எண்ணிப் பாருங்கள்: இளஞ்சூடு, வெதுவெதுப்பு, வெம்மை, வெக்கை, அனல், புழுக்கம். பெங்களூரில் 34 டிகிரியில் நிழலில் நின்றால் வியர்வை விரைவில் உலர்ந்துவிடும். சென்னையில் அதே 34 டிகிரியில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது; உடல் குளிர வழியில்லை. அதுவே புழுக்கம். டாஷ்போர்டுக்கு இரண்டும் 34தான். நம் முன்னோரோ இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்திருந்தனர்.

வெளி வெப்பநிலையைக் காட்டும் எண், நிறுத்திப் பூட்டிய வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தையும் சொல்வதில்லை. 2005இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வின்படி, வெயிலில் நிறுத்திய வண்டியினுள் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே உயர்ந்துவிட்டது. சன்னலைச் சிறிது திறந்துவைத்தும் பெரும்பயன் விளையவில்லை. வெளியே 30 டிகிரி என்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும் என்பது இதன் பொருள். சிறுவர் உடல், பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறும். எனவே ‘ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்’ என்று எவர் சொன்னாலும், நிறுத்திய வண்டிக்குள் நீங்களும் இருக்கக்கூடாது. தம்பி தங்கையரையும் விட்டுவைக்கக்கூடாது.

மூன்றாவதாக, நிழலில் அளந்த எண் வெயிலில் உழைப்பவரின் வெப்பத்தைச் சொல்வதில்லை. மீண்டும் ரசல் சந்தைத் தெருவிற்கு வருவோம். மகிழுந்துக்குள் குளிரூட்டி 23 டிகிரியில் இயங்குகிறது. சன்னலுக்கு வெளியே ஒருவர் காய்கறி மூட்டைகள் ஏற்றிய வண்டியைத் தள்ளிச் செல்கிறார். அவர் தலைமீது நேரடி வெயில். காலடியில் தாரின் அனல். உடலில் உழைப்பின் சூடு. மாலைச் செய்தி சொல்லும் 35 டிகிரி, வெண்ணிறப் பெட்டியின் நிழலில் அளந்தது. அவர் உடல் தாங்குவது அதனினும் மிகுதி. இதனை அளப்பதற்கென 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களுக்காக ஒரு முறை உருவாக்கப்பட்டது. சாதாரண வெப்பமானியோடு ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும், வெயிலை ஏற்கும் கருங்கோளத்தினுள் வைத்த வெப்பமானியையும் சேர்த்து அதில் கணக்கிடுவர். தொழிலாளர் எவ்வளவு நேரம் வெயிலில் உழைக்கலாம், எப்போது ஓய்வு கொள்ள வேண்டும் என்பதை அறிய உலகின் பல நாடுகளில் அம்முறை இன்றும் பயன்படுகிறது.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை ஒரு திரையில் வெப்பநிலை ஒளிரும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவ்வெண்ணை எது அளந்தது? அஃது எங்கே இருந்தது? யாருடைய வெப்பத்தை இது சொல்லவில்லை? மூன்றாம் வினாவிற்கு விடை தெரிந்தவுடன், வெயிலில் வந்து நிற்பவருக்கு ஒரு குவளை நீர் கொடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்லும் பொருளும்

உணரி – சூழலின் மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் சிறு கருவி
மின்தடை – மின்சாரம் செல்வதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு
புழுக்கம் – காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை உலராத வெப்பநிலை
உறைபனி – குளிரால் உறைந்து புல், இலை முதலியவற்றின்மீது படியும் பனி
மேட்டுநிலம் – சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து பரந்த நிலப்பகுதி

மொழித்திறன்

1. உறைபனி – இச்சொல்லை மூன்று காலத்திற்கும் பொருந்துமாறு விரித்தெழுதி, இது எவ்வகைத் தொகை எனக் கூறுக.
2. பிரித்தெழுதுக: இளஞ்சூடு, கருங்கோளம், தார்ச்சாலை.
3. வெக்கை, அனல், புழுக்கம் ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.

சிந்தித்து விடையளிக்க

1. நெரிசலில் நிற்கும் மகிழுந்து வெளி வெப்பநிலையை மிகுத்துக் காட்டுவது ஏன்?
2. உணரியின் கம்பி அறுந்தால் கணினி கடுங்குளிர் என்று முடிவு செய்வதன் காரணத்தை விளக்குக.
3. வெப்பநிலை உயர்வைத் தயங்கியும் குறைவை உடனேயும் காட்டும்படி வண்டிகளை அமைத்திருப்பதன் நோக்கம் யாது?
4. ஒரு மகிழுந்தின் திரை 95 டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டுகிறது. செல்சியஸ் அளவில் அஃது எவ்வளவு?

செயல்பாடு

உங்கள் வீட்டில் ஒரே வெப்பமானியை நிழலான திண்ணையிலும், சமையலறையிலும், மொட்டைமாடி நிழலிலும் பத்து நிமிடம் வைத்து அளந்து எழுதுக. ‘எங்கள் வீட்டின் வெப்பநிலை’ என்று ஒரே எண்ணைச் சொல்ல இயலுமா? உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.